மழைக்கால மிதிவண்டிப் பயணமும் மட்கார்டும்

மிதிவண்டியின் உறுப்புகளில் மட்கார்டைப் போல அலட்சியம் செய்யப்படுவது வேறொன்றில்லை. சக்கரமோ சங்கிலியோ பழுதுற்றால் வண்டி ஓடாது. ஆகவே அவை உடனே செப்பனிடப்படுகின்றன. மட்கார்டு கழன்றால் வண்டி ஓடும். ஆகவே பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். முதல் மழையில்தான் அதன் பயன் தெரியவருகிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களில் மிதிவண்டி இருந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் வண்டியில் செல்வோருக்கு மட்கார்டு அலங்காரப் பொருளன்று. உடை, உடல்நலம், வண்டியின் ஆயுள் ஆகிய மூன்றையும் காக்கும் சாதனம் அது.

கால்வாய்க் கரையில் ஒரு குடியிருப்பு

இவ்விஷயத்தை விளக்கத் தில்லியில் இருந்த ஒரு தமிழர் குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயின் கரையில், மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு பல பத்தாண்டுகள் இருந்துவந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் அங்கே சுமார் 370 வீடுகளில் வசித்தன. அவர்களுள் பலர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வீட்டு வேலை முதலிய தொழில்களைச் செய்தனர். வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையே சில கிலோமீட்டரே இருக்கும் இத்தகைய வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமான வாகனம் மிதிவண்டியே.

பாராபுல்லா, மழைநீரை யமுனையில் சேர்க்கும் வடிகால். நாளடைவில் நகரின் கழிவுநீரும் அதிற் கலந்து ஓடலாயிற்று. தில்லியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் வடிகால் ஓரத் தெருக்களில் தேங்குவது வெறும் மழைநீரன்று. சேறும் கழிவும் கலந்த நீராகும். அதன்மீது செல்லும் டயர் எந்த நீரை எடுத்து வீசுகிறதோ, அதுவே ஓட்டுபவரின் உடலிலும் முகத்திலும் படிகிறது.

இதனால் நோய் வரக்கூடும் என்பது வெறும் ஊகமன்று. 2007ஆம் ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சேறு நிறைந்த பாதையில் மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அதில் கலந்துகொண்டவர்களிடையே வயிற்றுப்போக்கு பரவிற்று. விலங்கின் மலம் கலந்த சேறு தெறித்து வாய்க்குள் சென்றதால் கேம்பிலோபாக்டர் என்னும் கிருமி அவர்களைத் தாக்கியது என ஆய்வாளர் கண்டனர்.

நீர் தெறிப்பது எவ்வாறு?

ஈரச் சாலையில் உருளும் டயர், தன்னுடன் மெல்லிய நீர்ப்படலத்தை எடுத்துக்கொண்டு சுழல்கிறது. வண்டி மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர், வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 28 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். இவ்வேகத்தில் டயரின்மேல் ஒட்டியுள்ள துளியைச் சுற்றுப்பாதையில் நிறுத்திவைக்கப் புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு விசை வேண்டும். டயரின் ஒட்டுந்தன்மை அவ்வளவு விசையைத் தர இயலாதபோது துளி விடுபட்டு, அவ்விடத்தில் சக்கரத்திற்கு வரையப்படும் தொடுகோட்டின் வழியே பாய்கிறது.

பின்சக்கரத்தின் பின்புறத்தில், அச்சின் மட்டத்தில் விடுபடும் துளி நேர் மேலே எழும்பும். வண்டியின் முன்னோட்ட வேகம் அத்துளிக்கும் உண்டு. ஆகையால் அது பின்தங்கிவிடாமல் வண்டியுடனேயே முன்னேறுகிறது. அதற்குச் சற்று மேலே விடுபடும் துளிகளோ முன்புறம் சாய்ந்து வந்து ஓட்டுபவரின் முதுகில் விழுகின்றன. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிடில், நேர் மேலே எழும் துளி 1.27 மீட்டர் உயரும். அச்சின் உயரத்தையும் கூட்டினால் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர், அதாவது சட்டையின் கழுத்துப்பட்டி வரை! வேகம் மணிக்கு 12 கிலோமீட்டராகக் குறைந்தால், இவ்வுயரம் ஏறத்தாழ 93 சென்டிமீட்டராகி இருக்கை மட்டத்தோடு நின்றுவிடும். வேகம் இரட்டித்தால் துளி எழும் உயரம் நான்கு மடங்காகும் என்பது இதில் அடங்கிய விதி.

முன்சக்கரத்தின் செயல் வேறு. அதன் கீழ்ப்பகுதியில் விடுபடும் நீர் பின்னோக்கிப் பாய்ந்து பாதங்களையும் முழங்கால்களையும் சங்கிலியையும் நனைக்கிறது. மேற்பகுதியில் விடுபடும் நீர் முன்னோக்கிச் சென்று, காற்றால் தடைப்பட்டு, முகத்தில் வந்து படிகிறது.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். மட்கார்டின் கீழ்முனை கழற்றப்பட்ட வண்டி ஒன்றைப் பின்சக்கரம் தரையைத் தொடாதவாறு ஸ்டாண்டில் நிறுத்துக. சக்கரத்திற்குப் பின்னே ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடிக்கச் செய்க. டயரின்மீது சிறிது நீர் ஊற்றியபின் பெடலை மெதுவாகவும், பிறகு விரைவாகவும் சுழற்றுக. மெதுவாகச் சுழலும்போது நீர் சொட்டும். விரைவாகச் சுழலும்போது தாளில் நேர்கோடாக ஈரம் படியும். கீழ்முனையைப் பொருத்திவிட்டு மீண்டும் செய்தால், ஈரக்கோட்டின் எப்பகுதி மறைகிறது என்பதை மாணவர் தாமே காண்பர். விரல்களும் ஆடையும் ஆரக்கம்பிகளில் சிக்காதபடி கவனித்தல் அவசியம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, அகலம். மட்கார்டு டயரைவிட ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகன்றிருக்க வேண்டும். 28 × 1½ அங்குல டயரின் அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். அதற்கு 50 மில்லிமீட்டர் அகலமுள்ள மட்கார்டு போதும். தடித்த டயர் பூட்டிய புதுமாதிரி வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டருக்கு மேலும் தேவைப்படும்.

இரண்டாவது, நீளம். பலர் தவறுவது இதிலேயே. வாலைப்போல் தூக்கி நிற்கும் குட்டையான பிளாஸ்டிக் மட்கார்டு முதுகை மட்டும் ஓரளவு காக்கும்; பாதத்தையும் சங்கிலியையும் பின்னால் வருபவரையும் காவாது. முன் மட்கார்டின் கீழ்முனை தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் முடிந்தால், 64 பாகை வரை மேல்நோக்கிய கோணங்களில் துளிகள் தப்பிவரும். ஒரு ரப்பர் மடலைத் தொங்கவிட்டு அம்முனையை 8 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தினால், அக்கோணம் 39 பாகையாகக் குறைகிறது. முழங்காலை நோக்கி எழும் துளிகள் பெரும்பாலும் தடுக்கப்படும். பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டும் இரு திருகாணிகளும் இதற்குப் போதும்.

மூன்றாவது, இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஒரே சீராக இருத்தல் வேண்டும். இது நகரச் சாலைக்கான அளவு. கோவில்பட்டி போன்ற கரிசல் நிலப் பகுதிகளில் ஈரமண் டயரில் அப்பிக்கொண்டு, இடைவெளியை அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அத்தகைய இடங்களில் இடைவெளி அதிகமாயிருத்தல் நன்று.

நான்காவது, பொருள். இரும்புத் தகடு உறுதியானது, நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் துருப்பிடிக்கும். அலுமினியம் துருவேறாது, எனினும் அதிர்வினால் திருகாணித் துளைகளில் விரிசல் காணக்கூடும். பிளாஸ்டிக் இலேசானது, விலை குறைந்தது. நாட்பட்ட வெயிலில் நொறுங்கும் தன்மையடைகிறது. அன்றாடம் சுமையேற்றிச் செல்லும் வண்டிக்கு இரும்பே ஏற்றது.

பொருத்துதலும் பராமரிப்பும்

தாங்கு கம்பிகள் இருபுறமும் சம நீளமாயிருக்க வேண்டும். தகட்டை வலிந்து வளைத்து முடுக்கினால், அது நாளடைவில் துளையிடத்தில் கிழியும். திருகாணிகளுக்கு வாஷர் இடுக. பொருத்தியபின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, உராயும் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தளர்ந்த முன் மட்கார்டு ஆபத்தானது. ஒரு குச்சியோ துணியோ அதற்கும் டயருக்கும் இடையே சிக்கினால், தகடு மடங்கிச் சக்கரத்தைத் திடீரென நிறுத்தி, ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளிவிடக்கூடும். ஆகவே, ஆடும் மட்கார்டைக் கயிற்றால் கட்டி ஓட்டுவது தவறு. உடனே முடுக்கவோ, இயலாவிடில் முழுவதும் கழற்றிவிடவோ வேண்டும்.

இரும்பு மட்கார்டில் துரு உட்புறத்திலேயே தொடங்குகிறது. மழையில் ஓடிய வண்டியின் மட்கார்டு உட்புறத்தை நீர்விட்டுக் கழுவி உலர்த்துவதும், ஆண்டுக்கொருமுறை துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுவதும் அதன் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்கும். பின் மட்கார்டின் கீழ்முனையில் வெள்ளைப் பூச்சும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருப்பின், இரவில் பின்னால் வரும் வாகனத்திற்கு எச்சரிக்கையாகும்.

தூரம் என்னும் வரம்பு

இச்சாதனத்தின் பயனுக்கு ஓர் எல்லையுண்டு. பாராபுல்லாவில் வெள்ளநீர் தடையின்றி ஓடவேண்டும் என்னும் காரணத்தின்பேரில், தில்லி உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. ஜங்புராவிலிருந்து அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவழிப் பயணத்திற்கே 3 மணி 20 நிமிடம் ஆகும். மழையையும் சேற்றையும் மட்கார்டு தடுக்கும்; தூரத்தை அது குறைக்காது. வேலையிடம் அருகில் இருக்கும் வரையில்தான் மிதிவண்டி ஓர் ஏழைக் குடும்பத்தின் வாகனமாக விளங்கமுடியும். குடியிருப்புகளை இடம் மாற்றுவது குறித்து ஆலோசிக்கும் களப்பணியாளர், வீட்டின் பரப்பளவைக் கணக்கிடுவதுபோலவே, வீட்டிலிருந்து வேலைக்குள்ள தூரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். புதிய இடத்தில் வண்டி பேருந்து நிறுத்தத்திற்கும் பள்ளிக்கும் செல்லப் பயன்படலாம். அதற்கும் மட்கார்டு தேவையே.

மழைக்கு முன் செய்யவேண்டியவை

தில்லியில் ஜூன் மாத நடுவிலும், தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்திலும் இச்சோதனைகளை முடித்துவிடுதல் நலம்: தாங்கு கம்பிகள் முடுக்கப்பட்டுள்ளனவா, இடைவெளி சீராக உள்ளதா, தகட்டின் உட்புறம் துருவேறியுள்ளதா, முன், பின் இரண்டிலும் ரப்பர் மடல் தொங்குகிறதா. பள்ளிகளில் மாணவரின் வண்டிகளை ஒரு நாள் வரிசையாக நிறுத்தி இந்நான்கையும் பார்வையிடச் செய்தால், தொடுகோட்டைப் பற்றிய பாடமும் வண்டிகளின் பராமரிப்பும் ஒருங்கே நிறைவேறும்.