மறதியும் அளவுகோலும்

பூன் லே ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதிக்குப் பெரும்பாலோர் பொருள் வாங்கவே செல்கின்றனர். அதே கட்டடத்தில், டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் உள்ளவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றும் இயங்குகிறது. 1990இல் ஆல்சைமர்ஸ் நோய்ச் சங்கமாகத் தொடங்கி, 2021இல் ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ எனப் பெயர் மாறிய அமைப்பு அதனை நடத்துகிறது.

அருகில் நிலையம் இருந்தால் போதுமா? அங்கே செல்வதற்கு முன், அது நோய் என்பதைக் குடும்பம் அறிய வேண்டும். “வயதானால் மறதி வரத்தானே செய்யும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நோயின் தமிழ்ப் பெயரிலேயே ‘மறதி’ இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். சாவியை வைத்த இடத்தை மறப்பது வேறு. சாவி எதற்கென்றே தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு. மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை. 2023இல் நடந்த ஆய்வில் இது சுமார் 51 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் பயன்பட்ட முறைக்கு ‘10/66’ என்று பெயர். இந்நோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், அவர்களைப் பற்றிய ஆய்வுகள் 10 விழுக்காடுகூட இல்லை என்ற குறையைச் சுட்டும் பெயர் அது. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் இம்முயற்சியைத் தொடங்கினர். சென்னையிலும் வேலூரிலும் அம்முறையில் ஆய்வுகள் நடந்தன. பள்ளிக்கே செல்லாத பாட்டியிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, அவர் தடுமாறினால் அதை நோய் எனலாமா? கல்விக் குறைவு நோயாகத் தோன்றிவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை.

உதவித்தொகைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. 2019இல் அறிமுகமான வீட்டுப் பராமரிப்பு மானியம் பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல் ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் துணை தேவைப்படுவோருக்கு அது உரியது. குடும்ப வருமானமும் கணக்கில் கொள்ளப்படும். ஆனால், நோயின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர் இவை அனைத்தையும் தாமே செய்துவிடக்கூடும். நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு, என்றோ ஓய்வுபெற்ற கப்பல்பட்டறை வேலைக்குப் புறப்படுபவரும் அவர்தான். உடல் திடமாக இருப்பதாலேயே அவரைத் தனியே விட முடிவதில்லை.

அவருடைய மகள் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பகல்நேர நிலையம் அவருக்கு எவ்வளவு உதவும்? வசதியுள்ள வீட்டில் பணிப்பெண்ணை அமர்த்திக்கொள்வார்கள். வசதியில்லாதபோது மகள் முதலில் ஷிஃப்டை மாற்றுவார். பிறகு வேலையையே விடுவார். மத்திய சேம நிதியில் அவரது முதுமைக்குச் சேரவேண்டிய பணமும் அத்துடன் நின்றுபோகும்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. நோய் முற்றும்போது சிலர் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தையும் மலாயையும் இழந்து, தாய்மொழிக்கே திரும்புகின்றனர். தமிழ் தெரிந்த ஊழியர் இல்லாத இடத்தில் அப்படிப்பட்டவர் நாள் முழுவதும் பேசாமல் அமர்ந்திருப்பார். பார்ப்பவர்கள் அவரை அமைதியானவர் என்று நினைத்துக்கொள்வார்கள். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பேரனோ பேத்தியோ மொழிபெயர்க்க நேரலாம். “இன்று என்ன கிழமை?” என்று மருத்துவர் கேட்கிறார். தாத்தா விழிக்கிறார். விடையை மெல்லச் சொல்லிக்கொடுக்கப் பேத்திக்கு மனம் துடிக்கும். சொல்லிக்கொடுத்துவிட்டால், தாத்தாவின் நோய் இன்னும் சில மாதங்கள் யாருக்கும் தெரியாமலேயே இருக்கும்.