அடைகாக்கும் வாத்துக்குக் காவல்

நம் தோட்டத்தில் பல வீடுகளின் கொல்லையில் வாத்துகள் உள. முட்டை காணாமற் போனால் நாம் பக்கத்து வீட்டுப் பையனை ஐயுறுகிறோம். உண்மைக் கள்வனோ பெரும்பாலும் கால்வாயோரத்தில் வாழ்கிறான்.

கோழிக்கு 21 நாள் அடை போதும். நாட்டு வாத்துக்கு 28 நாளும், மலாயில் இத்திக் செராத்தி எனப்படும் மணிலா வாத்துக்கு ஏறத்தாழ 35 நாளும் வேண்டும். அத்தனை நாளும் அது தரையில் ஓரிடத்திலேயே அமர்ந்திருப்பது பகைவர்க்கு நல்வாய்ப்பு.

இரவில் மலைப்பாம்பும் மரநாயும் வரும்; பகலில் உடும்பு வரும். இரவில் கூண்டை அடைக்க யாரும் மறப்பதில்லை. பகற்காவலைத்தான் மறந்துவிடுகிறோம். அடைவாத்து நாள்தோறும் ஒருமுறை இரை தின்னவும் நீராடவும் எழுந்து செல்லும். செல்லுமுன் தன் மார்பிலிருந்து பறித்த மென்தூவியால் முட்டைகளை மூடிவைக்கும். காக்கையின் கண்ணுக்கு அது மறைவாகலாம். நாவை நீட்டி மணம் அறியும் உடும்புக்கு ஆகாது. பெற்றோர் பெரட்டுக்குச் சென்று, பிள்ளைகள் பள்ளியிலிருக்கும் காலைப்பொழுதில் அதனைத் தடுப்பார் யார்?

ஆகவே, காலையில் வாத்தைத் திறந்துவிடாமல், கூண்டினுள்ளேயே தீனியும் குடிநீரும் வையுங்கள். பள்ளிவிட்டு வந்தபின் திறந்துவிட்டு, அது திரும்பும்வரை அருகிலிருங்கள். அரைமணி நேரம் போதும். வீட்டுப்பாடத்தை அங்கேயே அமர்ந்து எழுதலாம், ஆசிரியர் கோபிக்கமாட்டார்.

கூண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சாதாரணக் கோழிவலை கட்டி நாம் ஒருமுறை ஏமாந்தோம். அதன் கண் வழியே நுழைந்த பாம்பு, முட்டைகளை விழுங்கி வயிறு புடைத்து, வெளியேற முடியாமல் விடியும்வரை உள்ளேயே கிடந்தது. எஞ்சியவை மூன்றே முட்டைகள். அன்றுமுதல் அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலையையே பயன்படுத்துகிறோம். உடும்பும் நாயும் மண்ணைத் தோண்டுமாதலால், வலையின் அடிப்புறம் ஓரடி ஆழம் புதைந்திருக்கவேண்டும். மரநாய் ஏறும், மேலேயும் மூடுங்கள். மாலையில் மிஞ்சிய தீனியை அகற்றிவிடுங்கள். தீனி எலியை அழைக்கும்; எலி பாம்பை அழைக்கும்.

உடும்பும் மலைப்பாம்பும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காக்கப்படுபவை. அவற்றை அடித்துக் கொல்லுதல் தகாது. கூண்டினுள் பாம்பைக் கண்டால் கைவைக்காமல் பொதுத் தற்காப்புப் படையினரை அழைக்கும்படி பெரியவர்களிடம் கூறுங்கள்.

குஞ்சு பொரித்தபின்னும் மூன்று நான்கு வாரம் தாயும் குஞ்சுகளும் வலைக்குள்ளேயே இருக்கட்டும். அவ்வயதில் காக்கையும் பெருச்சாளியுங்கூட அவற்றைத் தூக்கிச் சென்றுவிடும்.