மின்சாரம் திரும்பிய பின் எழாத கணினிகள்

தொலைவிலிருக்கும் கணினியின் திரையை மற்றொரு கணினியில் வரவழைத்து, அதை இங்குள்ள விசைப்பலகையாலும் சுட்டியாலும் இயக்குவதற்கான ஏற்பாடு ரிமோட் டெஸ்க்டாப் எனப்படுகிறது. இதை நிறுவுவதற்கான செய்முறைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை, மறுமுனையில் ஓர் ஆள் கடவுச்சொல்லை இட்டு உள்ளே நுழைந்து அமர்ந்திருப்பதாகவும், இணைப்புக் கோரப்படும்போது அனுமதிப் பொத்தானை அவர் அழுத்திவிடுவார் என்றும் தாமாகவே எண்ணிக்கொள்கின்றன. கடலூரில் கணினிகளையும் சிதம்பரத்தில் வீட்டையும் வைத்திருப்பவருக்கோ இந்த ஏற்பாடு உண்மையில் தேவைப்படுவது ஆள் போக முடியாத நாளில்தான்; அதாவது, புயலுக்காக நிறுத்தப்பட்ட மின்சாரம் எப்போதோ திரும்பி வந்து, பூட்டிய அறைக்குள் கணினி தானே எழுந்து நிற்க வேண்டிய நாளில்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கும் சிறிய பக்க வடிவமைப்பு நிலையம் ஒன்றில் விண்டோஸ் கணினியில் டேலி கணக்குகளும், உபுண்டு லினக்ஸ் கணினியில் பழைய கோப்புகளின் காப்பகமும், மேக் மினியில் பக்க வடிவமைப்பும் நடந்துவந்தன. அதன் பொறுப்பாளர் சிதம்பரம் அண்ணாமலைநகர் வீட்டிலிருந்தே மூன்றையும் இயக்கிவந்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட பெருநீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பகுதிகளுக்குள் புகுந்ததும் மாவட்டத்தில் எவரும் மறந்துவிடாதவை. மின்சாரம் திரும்பிய பின் மூன்று கணினிகளில் ஒன்றையும் சிதம்பரத்திலிருந்து அடைய முடியவில்லை. நாள் குறித்த விழா மலர் ஒன்றின் பக்கங்கள் உள்ளே சிக்கிக்கொண்டதால் அந்த வேலை வேறிடத்துக்குப் போயிற்று. இவ்வளவுக்கும் இந்த இணைப்பு முறைப்படி சோதிக்கப்பட்டது என்று சொல்லித்தான், அதை அமைத்துக் கொடுத்தவர் கட்டணத்தைப் பெற்றுச் சென்றிருந்தார். அந்தச் சோதனையின்போது மூன்று திரைகளும் திறந்திருந்தன என்பதும், அவர் அவற்றின் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதும் பின்னரே கவனிக்கப்பட்டன.

மறுமுனையில் ஆள் இருப்பார் என்று எண்ணிய பிழை ஒன்றே; அது மூன்று இயங்குதளங்களில் மூன்று வேடங்களில் வெளிப்பட்டது. விண்டோஸ் கணினி எழவே இல்லை. மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி அணைந்தே கிடக்க வேண்டுமா, தானாகத் தொடங்க வேண்டுமா என்பதை விண்டோஸ் தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்பே விழிக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரல் தீர்மானிக்கிறது. பல கணினிகளில் அந்த அமைப்பு 'அணைந்தே இரு' என்ற நிலையில்தான் கடையிலிருந்து வருகிறது; மின்சாரம் திரும்பியதும் தொடங்குமாறு அதை மாற்றுவது ஒரு நிமிட வேலை, ஆனால் நேரில் இருந்தே செய்ய வேண்டிய வேலை.

மேக் மினி எழுந்தது. ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டது. ஃபைல்வால்ட் என்பது வட்டில் உள்ள அனைத்தையும் கடவுச்சொல்லின்றிப் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி. அது இயக்கத்தில் இருந்தால், அன்றைய மேக் பதிப்புகளில், மின்தடைக்குப் பின் தொடங்கும் கணினியில் ஒருவர் நேரில் கடவுச்சொல்லை இடும் வரை திரைப் பகிர்வு உள்ளிட்ட எந்தச் சேவையும் விழித்ததில்லை. முன்கூட்டியே திட்டமிட்டு மறுதொடக்கம் செய்யும்போது இந்தத் தடையை ஒருமுறை தாண்டிச்செல்ல வழியுண்டு. ஆனால் மின்வெட்டு திட்டமிட்ட மறுதொடக்கம் அன்று.

உபுண்டுவில் நேர்ந்ததுதான் மிகுந்த எரிச்சலுக்குரியது, ஏனெனில் அந்தக் கணினி எழுந்து, இணையத்திலும் சேர்ந்து, அதன் பிறகு கதவைத் திறக்க மறுத்தது. உபுண்டு 22.04 பதிப்பில் உள்ள திரைப் பகிர்வு, பயனர் உள்நுழைந்த அமர்வுக்குள் மட்டுமே இயங்குவது. இதை அறிந்த, அமைத்துக் கொடுத்தவர், கடவுச்சொல் கேளாமலே கணினி உள்நுழையுமாறு வைத்துவிட்டால் போதும் என்று கருதினார். ஆனால் திரைப் பகிர்வுக்கான கடவுச்சொல், கீரிங் எனப்படும் மறைச்சொல் பெட்டகத்தில் வைக்கப்படுகிறது. அந்தப் பெட்டகமோ பயனர் தம் கடவுச்சொல்லை இட்டு நுழையும்போதுதான் திறக்கிறது. தானாக உள்நுழைந்த கணினியில் பெட்டகம் மூடியே இருந்தமையால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீட்டின் கதைதான் நடந்தது. 24.04 பதிப்பில், யாரும் உள்நுழையாத நிலையிலும் இணைவதற்கான வசதி சேர்க்கப்பட்டிருப்பதால், 22.04 வைத்திருப்பவர்கள் அதற்கு மாறிவிடுவது நல்லது. எக்ஸ்ஆர்டிபி என்ற மாற்றுச் சேவையும் உண்டு. ஆனால் அதே பயனர் நேரிலும் உள்நுழைந்திருந்தால் அது பெரும்பாலும் கறுப்புத் திரையையே காட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எழுத்துக் கட்டளைகளால் கணினியை இயக்கும் எஸ்.எஸ்.எச். சேவை உபுண்டுவில் நிறுவப்பட்டிருந்தால், காப்பகக் கோப்புகளையாவது வெளியே எடுத்திருக்கலாம். அது கணினி தொடங்கும்போதே விழிப்பது; திரையையோ பெட்டகத்தையோ நம்பி இருப்பதன்று. 'கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் காலமெல்லாம் போய்விட்டது' என்று சொல்லி அதைத் தவிர்த்தவரின் பெயர் இங்கே தேவையில்லை.

ஏனைய வேலைகள் எளியவை. விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளுடன் இணையலாமே தவிர, அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதனுள் நுழைய முடியாது. புரோ பதிப்பு வேண்டும். உள்நுழைவுக்கு நான்கு இலக்கப் பின் எண்ணை இட்டால் ஏற்காது, முழுக் கடவுச்சொல் வேண்டும். கணினியின் ஸ்லீப் நிலையை நிறுத்திவிட வேண்டும். எனிடெஸ்க் போன்ற செயலிகளை ஒற்றைக் கோப்பாக ஓட்டாமல், முறையாக நிறுவி, ஆளில்லா அணுகலுக்கான கடவுச்சொல்லை இட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையை இரு முனைகளில் ஒன்றில் மட்டும் இயக்க வேண்டும். இரண்டிலும் இயக்கினால் எழுத்துகள் குழம்பும்.

இணைய வழியில் மட்டும் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடலாம் என்ற யோசனை இன்றும் கடலூர்க் கடைகளில் துணிச்சலாகச் சொல்லப்படுகிறது. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, ஆதரவு முடிந்துபோயிருந்த எக்ஸ்பி பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது என்பது, அந்தப் போர்ட்டைத் திறந்துவைப்பதன் அபாயத்தைக் காட்டப் போதும். மேலும், வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர் பகிர்ந்துகொள்வதால் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் இந்த நிலையே என்று கொள்ளலாம். இரு ஊர்க் கணினிகளையும் தனி வலையமைப்பாக இணைத்துவிடும் டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. அங்கும் பழைய பிழையே மறைந்திருக்கிறது: விண்டோஸில் ஆளில்லாமல் இயங்கும் தெரிவைத் தனியே இயக்காவிட்டால் உள்நுழைவுக்கு முன் அது இணையாது, ஆப் ஸ்டோரிலிருந்து பெற்ற மேக் பதிப்பும் அவ்வாறே. டெயில்ஸ்கேலின் அனுமதிச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும் என்பதால், நிலையாக இருக்கும் கணினிகளுக்கு அந்தக் காலாவதியையும் நீக்கிவைக்க வேண்டும்.

இப்போது அந்த நிலையத்தில் மேக் மினியின் ஃபைல்வால்ட் அணைக்கப்பட்டிருக்கிறது. உபுண்டுவில் இயங்குதளம் இருக்கும் வட்டு பூட்டப்படாமலும், வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் இரண்டாவது வட்டு பூட்டப்பட்டும் உள்ளன. கணினி தடையின்றி எழுந்த பின், எஸ்.எஸ்.எச். வழியே இரண்டாவது வட்டு திறக்கப்படுகிறது. இது பாதுகாப்பைத் தளர்த்துவது என்று கண்டித்தோர் உண்டு. எல்லாவற்றையும் விண்டோஸாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்றோரும் உண்டு. இரும்புக் கதவுள்ள அறையில் திருடன் மேக் மினியைத் தூக்கிச்செல்வது நடக்கக்கூடியதே, ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் போவது நடந்தே தீருவது என்பது பொறுப்பாளரின் கணக்கு. மூன்றும் அந்த விண்டோஸ் கணினியைப் போன்றே இருந்திருந்தால் மூன்றும் பயாஸ் அமைப்பால் அணைந்தே கிடந்திருக்கக்கூடும் என்பதையும் பின்னவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனி யுபிஎஸ் வாங்கியோர், அந்த யுபிஎஸ் முற்றாக வடிந்து மீண்ட பின்னும் அவை தாமாகத் தொடங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை செய்ய வேண்டிய முறையும் இதுவே: வடகிழக்குப் பருவமழைக்கு முன், யாரும் உள்நுழையாத நிலையில் மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ் வடியும் வரை காத்திருந்து, மீண்டும் போட்டு, அறையைப் பூட்டிவிட்டு வர வேண்டும். சிதம்பரத்தில் மூன்று உள்நுழைவுத் திரைகளும் தெரிந்த பின்பே, அமைத்துக் கொடுத்தவருக்கு மீதித் தொகை தரப்பட வேண்டும். அதற்கு உடன்படாதவரிடம் வேலையைக் கொடுக்காமலிருப்பது மேல்.