பற்றரி விளக்கு எத்தனை இரவு எரியும்?

மின்சாரம் இல்லாத கொட்டிலில் பிள்ளைகள் இரவில் படிக்க 12 வோல்ற்றுப் பற்றரியே துணை. சிறு கணக்கொன்று தெரிந்தால் அதைப் பழுதாக்காமல் பாவிக்கலாம்.

குமிழ் எரியும்போது மானி 0.5 அம்பியர் காட்டுகிறது எனக் கொள்வோம்.

தடை = வோல்ற்று ÷ அம்பியர் = 12 ÷ 0.5 = 24 ஓம்.
வலு = வோல்ற்று × அம்பியர் = 12 × 0.5 = 6 வாற்று.

40 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதியை மட்டும் எடுங்கள். முற்றாக இறங்கவிட்டால் ஈயப் பற்றரி விரைவில் பழுதாகும். 20 ÷ 0.5 = 40 மணித்தியாலம். இரவுக்கு 4 மணித்தியாலம் எரித்தால் 10 இரவு.

21 வாற்று மோட்டார்க் குமிழோ 21 ÷ 12 = 1.75 அம்பியர் இழுக்கும். மூன்று இரவுகூட வராது.

பயிற்சி: 3 வாற்றுக் குமிழ் எத்தனை இரவு எரியும்? (விடை: 20)