பளிச்சென்ற திரையும் பழைய லென்ஸும்

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 பாகை சாய்ந்து நிற்கும் ஆடியில் பட்டு மேலே திரும்பி, படச்சட்டத்தின் அளவே உள்ள ஒரு மெல்லிய திரையின் மீது பிம்பமாக விழுகிறது. வியூஃபைண்டரில் கண் வைப்பவர் பார்ப்பது அந்தப் பிம்பத்தைத்தான். ஃபோகஸிங் ஸ்கிரீன் எனப்படும் இந்தக் குவியத்திரை, லென்ஸிலிருந்து ஃபிலிமோ சென்சாரோ எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதே ஒளித்தொலைவில் பொருத்தப்பட்டிருக்கிறது. திரையில் கூர்மையாகத் தெரிவது படத்திலும் கூர்மையாக இருக்கும் என்ற உறுதி அதிலிருந்தே வருகிறது. கையால் ஃபோகஸ் செய்யும் முறை முழுவதும் அந்த உறுதியை நம்பியே நடக்கிறது. 1959இல் வந்த நிக்கான் எஃப், 1972இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற கேமராக்களில், வேலைக்கு ஏற்பத் திரையைக் கழற்றி மாற்றுவது இயல்பான பழக்கமாக இருந்தது. 1985இல் வெளிவந்த மினோல்டா 7000க்குப் பின் தானியங்கி ஃபோகஸ் பரவியதும் அந்தப் பழக்கம் தேய்ந்தது. பழைய நிக்கோர், டாக்குமார், ஸைஸ் லென்ஸ்களை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். உடலில் மாட்டுவோர் பெருகியபோது திரை பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது. அதனுடன் சில தவறான நம்பிக்கைகளும் வேரூன்றின.

அவற்றுள் மிகப் பரவலானதும் மிகுந்த தீங்கு செய்வதும், திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு எளிதாக ஃபோகஸ் செய்யலாம் என்ற நம்பிக்கையாகும். குவியத்திரையின் வேலை ஒளியைச் சிதறச் செய்வது. சொரசொரப்பாகத் தேய்த்த பழைய கண்ணாடித்திரை, லென்ஸின் நடுவிலிருந்து வரும் கதிர்களையும் விளிம்பிலிருந்து மிகச் சாய்வாக வரும் கதிர்களையும் எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், இருவகைக் கதிர்களுமே ஓரளவு கண்ணை வந்தடைகின்றன. ஆனால் பெரும்பங்கு ஒளி கண்ணுக்கு வராமலே வீணாவதால் பிம்பம் மங்கலாகத் தெரிகிறது. எஃப்/3.5, எஃப்/5.6 போன்ற சிறிய துளை கொண்ட ஜூம் லென்ஸ்களுக்காக வடிவமைக்கப்பட்ட இக்காலத் திரைகளோ, நுண்ணிய அமைப்புகளைக் கொண்டு ஒளியைக் குறுகிய கூம்புக்குள் மட்டும் சிதறச் செய்து, அதை வீணாக்காமல் கண்ணுக்கு அனுப்புகின்றன. இந்தப் பளிச்சென்ற தோற்றத்துக்கு ஒரு விலை உண்டு. எஃப்/1.4 லென்ஸின் விளிம்பிலிருந்து வரும் சாய்ந்த கதிர்கள் அந்தக் குறுகிய கூம்புக்குள் அடங்காமல் கண்ணைத் தவறவிட்டுப் போய்விடுவதால், பார்ப்பவர் அந்த லென்ஸை ஏறத்தாழ எஃப்/2.8 அளவுக்கு மூடி வைத்தது போலவே காண்கிறார். ஃபோகஸ் சற்றுத் தவறினால் பெரிதாக மங்கிக் காட்ட வேண்டியவை அந்த விளிம்புக் கதிர்களே என்பதால், அவை இல்லாத பிம்பம் தவறான இடத்திலும் கூர்மையாகவே தோன்றுகிறது. சென்சாரோ விளிம்புக் கதிர்கள் உட்பட அனைத்தையும் பதிவு செய்துவிடுகிறது. கண்ணில் கோளாறு, கையில் பயிற்சி இல்லை என்று பலர் தம்மையே நொந்துகொள்ளும் தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் நேர்வது என்பது அழுத்திச் சொல்லப்பட வேண்டியது.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. எஃப்/1.4 லென்ஸை மாட்டி, வியூஃபைண்டரில் பார்த்தபடியே துளையை எஃப்/2, எஃப்/2.8 என்று படிப்படியாகக் குறைக்கும்போது, ஒளியின் அளவு நான்கில் ஒரு பங்காகியும் காட்சி பெரிதாக இருளாமலும் பின்னணியின் மங்கல் மாறாமலும் இருந்தால், அந்தத் திரை லென்ஸின் முழுத் துளையைக் காட்டவில்லை என்பது தெளிவு. கேனன் 5டி மார்க் 2 கேமராவுக்கு அந்நிறுவனமே விற்ற இஜி-எஸ் என்ற திரை, இதற்கு மாற்றாக எஃப்/2.8 அல்லது அதைவிட அகன்ற துளை கொண்ட லென்ஸ்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அகன்ற லென்ஸில் ஃபோகஸ் சட்டென்று பிடிபடும், எஃப்/5.6 ஜூமை மாட்டினால் காட்சி இருண்டு சொரசொரப்பாகிவிடும். இரண்டையும் ஒருசேரத் தரும் திரை கிடையாது. ஆகவே கையில் உள்ள லென்ஸ்களில் எது அதிகம் பயன்படுகிறது என்று பார்த்துத் திரையைத் தேர்வதே முறையாகும்.

பிளவுப் பிம்பத் திரைதான் எப்போதும் துல்லியமானது என்பது அடுத்த நம்பிக்கை. ஸ்பிளிட் இமேஜ் எனப்படும் இவ்வகையில், திரையின் நடுவே எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு ஆப்புவடிவப் பட்டகங்கள் பதிக்கப்பட்டிருக்கும். பிம்பம் அவை சந்திக்கும் தளத்தில் விழாதபோது மேல்பாதி ஒருபுறமும் கீழ்ப்பாதி மறுபுறமும் விலகி நிற்கும். இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை, பள்ளி ஆய்வகத்தின் வெர்னியர் அளவுகோலில் காண்பது போலவே, கண் மிக நுட்பமாகக் கண்டுகொள்ளும் என்பதால் இம்முறைக்கு உண்மையான வலிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு பட்டகமும் லென்ஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து வரும் கதிர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகுதியைத் தீர்மானிப்பது பட்டகத்தின் சாய்வுதானே ஒழிய லென்ஸின் துளை அன்று. எனவே சாதாரணப் பிளவுத்திரையில் எஃப்/1.4 லென்ஸ் எஃப்/2.8 லென்ஸைவிடக் கூடுதல் துல்லியம் எதையும் தருவதில்லை. சாய்வைக் கூட்டினால் துல்லியம் கூடும், ஆனால் துளை சற்றுக் குறைந்தாலே ஒரு பாதி கறுத்துவிடும். வழக்கமான பட்டகங்களே எஃப்/5.6 அளவில் கறுக்கத் தொடங்குகின்றன. அடாப்டர் வழியே மாட்டிய பழைய லென்ஸில் துளை தானாகத் திறந்து மூடாது என்பதால், எஃப்/8இல் வைத்துவிட்டுப் பார்ப்பவருக்குக் கறுத்த அரைவட்டமே தெரியும். முழுத் துளையில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பின்னர் மூடுவதைத் தவிர வழியில்லை.

பிளவு திரையின் நடுவில் மட்டுமே இருப்பதும் ஒரு குறை. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கண்ணை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பின் கேமராவை 10 பாகை திருப்பிச் சட்டகத்தை அமைத்தால், ஃபோகஸ் தளம் அந்தக் கண்ணுக்கு ஏறத்தாழ 15 மி.மீ. பின்னே போய்விடுகிறது, 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் அத்தொலைவில் கூர்மையாகத் தெரியும் ஆழமோ முன்னும் பின்னுமாகச் சேர்த்தே 12 மி.மீ. அளவுதான். மனிதர்களை அருகிருந்து எடுப்போருக்கு, திரையின் எந்த இடத்திலும் ஃபோகஸ் பார்க்க இடம்தரும் நல்ல சொரசொரப்புத் திரையே பெரும்பாலும் மேலானது.

அளவு பொருந்தினால் எந்தத் திரையையும் மாட்டிவிடலாம் என்று எண்ணுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 0.03 மி.மீ. அகலம் வரையிலான மங்கல் புள்ளியைக் கூர்மை என்று ஏற்கும் வழக்கப்படி, எஃப்/1.4இல் பிம்பத்தளம் முன்னோ பின்னோ நகர இடம் 0.042 மி.மீ. மட்டுமே. திரையின் தடிப்பிலோ இருப்பிடத்திலோ 0.05 மி.மீ. பிழை நேர்ந்தால், ஃபோகஸ் செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் படம் தவறும், எஃப்/5.6 லென்ஸில் அதே பிழை கண்ணுக்கே தெரியாது. ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைத்து இந்த இடைவெளி சரிசெய்யப்படுகிறது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, வியூஃபைண்டரும் அதே இடத்தைக் கூர்மையாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டாலே பிழை வெளிப்பட்டுவிடும். அந்த ஒப்பீட்டுக்கு முன், கண் வைக்கும் இடத்திலுள்ள டயாப்டர் திருகைத் திரையில் பொறிக்கப்பட்ட கோடுகள் தெளிவாகத் தெரியும்படி திருப்பி வைத்திருக்க வேண்டும்.

திரையை மாற்றினால் தானியங்கி ஃபோகஸ் கெடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. அதற்குரிய ஒளி முதன்மை ஆடியின் பின்னுள்ள சிற்றாடி வழியே கேமராவின் அடிப்பகுதிக்குப் போவதால் திரையைத் தொடுவதே இல்லை. ஒளி அளவீடு அப்படியல்ல. பெரும்பாலான கேமராக்களில் ஒளிமானி திரையின் மேலிருந்து அதன் பிரகாசத்தையே அளப்பதால், திரை மாறினால் அளவும் மாறும். கேனனில் எந்தத் திரை உள்ளது என்பதை அமைப்புப் பட்டியலில் குறிக்கச் சொல்வது இதற்காகவே. ஒளிமானி உடலுக்குள்ளேயே அமைந்த நிக்கான் எஃப்3 போன்றவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. திரையில் படிந்த தூசியோ படத்தில் விழுவதில்லை. அதை எடுக்கத் துணியோ திரவமோ கொண்டு மென்மையான பிளாஸ்டிக் பரப்பைத் துடைப்பவர்கள் தூசியைவிடப் பெரிய கீறலை உண்டாக்கிவிடுகிறார்கள். காற்றூதும் ரப்பர்க் குமிழே அதற்குப் போதும்.