ஒலி ஒன்று, பொருள் வேறு: அலுவலகங்களில் தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொற்கள்

இந்தியாவிலிருந்து திரும்பும் குடும்பங்கள் பல, ஊருக்குப் போகுமுன் சில நாட்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்குகின்றன. உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ இருந்துகொண்டு கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு என்று அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அங்கே சிங்களத்தோடு ஆங்கிலமும் காதில் விழும். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டால், படிவத்தில் பிழையான விடை ஏறிவிடும். பிறகு அதைத் திருத்துவதற்குத்தான் அதிக அலைச்சல். ஆகவே அடிக்கடி தடுமாற வைக்கும் சில சொற்களை இங்கே பார்ப்போம்.

1. முதலில் எழுத்து வழக்கம்

தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகள் 'டீ', 'டிக்கெட்' என்று எழுதுவார்கள். இங்கே கடைப் பலகையில் 'ரீ', 'ரிக்கற்' என்று இருக்கும். அது எழுத்துப் பிழை அல்ல. ஆங்கிலத்தின் 'ரீ' என்ற எழுத்தின் ஒலிக்கு ரகர, றகரங்களையும், 'டீ' என்ற எழுத்தின் ஒலிக்கு டகரத்தையும் எழுதுவது இலங்கையில் உள்ள வழக்கம். இந்தப் பாடத்திலும் அப்படியே எழுதியுள்ளோம். இதில் ஒரு நன்மை உண்டு என்பதை அடுத்த பகுதியில் காண்பீர்கள்.

2. காணி அலுவலில் மூன்று சொற்கள்

டீட்: காணி உறுதி. எழுத்துகள்: டீ, ஈ, ஈ, டீ.
டெட்: இறந்துவிட்டவர். எழுத்துகள்: டீ, ஈ, ஏ, டீ.
டெற்: கடன். எழுத்துகள்: டீ, ஈ, பீ, ரீ. இதில் 'பீ' ஒலிப்பதில்லை.

முதற்சொல் நெடில், மற்ற இரண்டும் குறில். "உங்கள் கணவரின் டீட் இருக்கிறதா?" என்று உறுதியைக் கேட்கும்போது, கணவர் இறந்துவிட்டாரா என்று கேட்பதாக நினைத்து "ஓம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? உயிரோடு இருப்பவர் இறந்தவராகப் பதியப்படலாம். உறுதி இல்லாத இடத்தில் இருப்பதாகவும் எழுதப்படலாம். அதேபோல் ஒரு பத்திரத்தில் 'டெற்' என்ற சொல் வந்தால் அது நீங்கள் திருப்பிக் கட்டவேண்டிய பணம் பற்றியது. உதவிப்பணம் என்று எண்ணிக் கையொப்பம் இடாதீர்கள்.

3. லிவ், லீவ்

'லிவ்' என்றால் வசித்தல். 'லீவ்' என்றால் புறப்படுதல், விட்டுப்போதல். "வெயார் டு யூ லிவ்?" என்றால் எங்கே வசிக்கிறீர்கள் என்பது கேள்வி. "வென் டிட் யூ லீவ்?" என்றால் எப்போது நாட்டை விட்டுப் போனீர்கள் என்பது கேள்வி. 1990 இல் தலைமன்னாரிலிருந்து படகேறியவருக்கு இரண்டாவது கேள்வியின் விடை 1990. முதற்கேள்விக்கு இப்போதைய வதிவிட முகவரியே விடை. குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குப் புதிதல்ல. 'படி', 'பாடி' என்பவற்றைப் பிரித்துக் கேட்கும் காது இதையும் பிரித்துக் கேட்கும்.

4. பேர்த்

ரயிலில் படுத்து வரும் இடமும் பேர்த், பிறப்பும் பேர்த். ஒலியில் வேறுபாடே இல்லை. எழுத்தில்தான் உண்டு. பிறப்பு என்றால் பீ, ஐ, ஆர், ரீ, எச். படுக்கை என்றால் இரண்டாம் எழுத்து ஈ. படிவத்தில் வருவது பெரும்பாலும் பிறப்புத்தான்.

இதில் ஒரு முக்கியமான விடயம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் மட்டும் இலங்கைக் குடியுரிமை வந்துவிடாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பு இலங்கை அதிகாரிகளிடம் முறைப்படி பதியப்பட வேண்டும். ஆகவே "பேர்த்" பற்றிக் கேட்டால், எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்று திரும்பக் கேளுங்கள்.

5. இமிகிரேஷன், எமிகிரேஷன்

நாட்டுக்குள் வருவது இமிகிரேஷன். நாட்டை விட்டுப் போவது எமிகிரேஷன். முதலெழுத்தைத் தவறவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். குடிவரவு, குடியகல்வு என்று தமிழில் நினைவில் வைத்தால் குழப்பமே இல்லை. பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்தின் பெயரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

6. மெயில், வெயிற்

படிவத்தில் ஆண், பெண் என்று கேட்கும் இடத்தில் வரும் 'மெயில்' ஆண் என்று பொருள்படும்: எம், ஏ, எல், ஈ. தபாலும் மெயில்தான்: எம், ஏ, ஐ, எல். கோட்டையிலிருந்து வடக்கே போகும் இரவு மெயில் ரயில் இந்த இரண்டாவது வகை. 'வெயிற்' என்றால் காத்திருங்கள் என்றும் பொருள், நிறை என்றும் பொருள். விமான நிலையத்தில் பொதியைக் காட்டிச் சொன்னால் நிறை; கையைக் காட்டிச் சொன்னால் காத்திருங்கள்.

7. பதின்மூன்றும் முப்பதும்

'தேர்ற்றீன்' 13, 'தேர்ற்றி' 30. 'பிஃப்ற்றீன்' 15, 'பிஃப்ற்றி' 50. ஓட்டோவிலும் கடையிலும் பணம் இழப்பது இங்கேதான். கொட்டாஞ்சேனை கொழும்பு 13. வெள்ளவத்தை கொழும்பு 6. கொழும்பின் இலக்கங்கள் 15 உடன் முடிந்துவிடும். ஆகவே 'கொழும்பு முப்பது' என்று கேட்டதாகத் தோன்றினால் அது பதின்மூன்றாகத்தான் இருக்கும். விலையில் சந்தேகம் என்றால் கைத்தொலைபேசியில் இலக்கத்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

8. மைன்

'மைன்' என்றால் என்னுடையது. 'மைன்' என்றால் கண்ணிவெடியும்தான். ஒலியும் ஒன்று, எழுத்தும் ஒன்று. இடத்தைக் கொண்டே பொருளை அறியவேண்டும். கொழும்பில் இது வெறும் சொல். வன்னிக்கோ மன்னாருக்கோ போன பின் இது உயிர்ப் பிரச்சினை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். சந்தேகமான பொருள் எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸ் இலக்கம் 119 இலோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பொருளை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சி

வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்க, மற்றவர்கள் விடை சொல்லுங்கள்.
அ. வங்கியில் 'டெற்' என்கிறார்கள். எதைப் பற்றி?
ஆ. "வென் டிட் யூ லீவ்?" முகவரி சொல்வதா, ஆண்டு சொல்வதா?
இ. பிறப்பைக் குறிக்கும் 'பேர்த்' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து எது?
விடைகள்: அ. கடன். ஆ. ஆண்டு. இ. ஐ.

கடைசியாக ஒரு சொல்

'ரைற்' என்றால் உரிமை: ஆர், ஐ, ஜீ, எச், ரீ. 'ரைற்' என்றால் எழுது: டபிள்யூ, ஆர், ஐ, ரீ, ஈ. இரண்டும் உங்களுக்குத் தேவை. 1987 இல் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. கொழும்பிலுள்ள அரச அலுவலகங்களிலும் தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்தில் தமிழிலேயே விபரம் கேட்கலாம்.

விளங்காத சொல்லுக்கு "யெஸ்" சொல்லாதீர்கள். "ப்ளீஸ் ரைற் இற்", எழுதித் தாருங்கள், என்று கேளுங்கள். எழுதித் தந்ததை விளங்கியவர் ஒருவரிடம் காட்டி, பொருளைத் தெரிந்துகொண்ட பிறகே விடை சொல்லுங்கள். அதன் பிறகே கையொப்பம் இடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை.