அப்டேட்டும் கல்லாவும்: பைக் கடையில் நாம் படித்த பாடம்

மளிகைக் கடைக்காரருக்கும் மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்களுக்கு உண்மையிலேயே சம்பந்தம்தான். எங்கள் சம்பந்தி இரு சக்கர வாகன விற்பனை நிலையம் வைத்திருக்கிறார். 22-9-2025 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது அவர் கடையில் நடந்ததையும் எங்கள் கடையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் தப்பித்துக்கொண்டார். நாங்கள் மாட்டிக்கொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அன்று முதல் 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 350-க்கு மேற்பட்டதற்கு 40 சதவீதமாக ஏறியது. வரிக்கு முன் விலை 80,000 ரூபாய் உள்ள வண்டி ஒன்று, ஞாயிறு பில் போட்டால் 1,02,400. திங்கள் பில் போட்டால் 94,400. ஒரே இரவில் 8,000 ரூபாய் வித்தியாசம். முன்பணம் கட்டியவர்கள் எல்லாம் சும்மா இருப்பார்களா? "நாங்கள் ஆகஸ்டிலேயே பணம் கட்டினோமே, எங்களுக்கு எந்த வரி?" என்று வரிசையாக வந்து நின்றார்கள். பில்லும் டெலிவரியும் 22-க்குப் பிறகு என்றால், முன்பணம் எப்போது வாங்கியிருந்தாலும் புதிய விகிதம்தான். அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு, தாளில் தட்டச்சு செய்து கவுண்டரில் ஒட்டிவிட்டார் சம்பந்தி.

அவர் கடையில் இரண்டு மென்பொருள் ஓடுகிறது. ஒன்று வண்டிக் கம்பெனி கொடுத்தது. சேஸிஸ் எண், என்ஜின் எண், புக்கிங், சர்வீஸ் எல்லாம் அதில். மற்றொன்று அவருடைய சொந்தக் கணக்கு. கம்பெனி மென்பொருளை இரவோடு இரவாகக் கம்பெனியே மாற்றிவிடும். சொந்தக் கணக்கை நாமேதான் மாற்ற வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் நின்றால் பில் ஒரு தொகை, பேரேடு ஒரு தொகை என்று ஆகிவிடும். ஆகவே ஞாயிறு இரவு கடையடைத்த பிறகு, கணக்குப் பிள்ளையை உட்கார வைத்து முழுக் கணக்கையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தார். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ட்ரயல் பேலன்ஸை அச்சடித்து வைத்துக்கொண்டார். அப்டேட் முடிந்ததும் மறுபடி அச்சடித்து, மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் ஒரு மாதிரி பில் போட்டுப் பார்த்து அதை ரத்து செய்தார். நள்ளிரவுக்குள் வேலை முடிந்தது.

எங்கள் கதைக்கு வருவோம். திங்கள் காலை, நவராத்திரி வியாபார நெரிசலில், கம்ப்யூட்டர் பையனை அழைத்து "புது வரியைப் போட்டுவிடு தம்பி" என்றோம். அவ்வளவுதான் சொன்னோம். எங்கள் மென்பொருளில் வரி விகிதம் ஒவ்வொரு சரக்கின் பெயரிலும் இல்லை, சரக்குக் குழுவின் பெயரில் இருந்தது. சோப்பு என்று ஒரே குழு. குளியல் சோப்பு 18-லிருந்து 5-க்கு வந்தது என்பது பத்திரிகையில் வந்த செய்தி. பையன் குழுவையே 5 என்று மாற்றிவிட்டான். துணி சோப்பும் சலவைத் தூளும் 18-லேயே நிற்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தது நாங்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், மாதக் கணக்கை எச்.எஸ்.என். வாரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒன்பது நாளில் 27 கடைகளுக்கு 1,20,000 ரூபாய் மதிப்புள்ள துணி சோப்பு போயிருந்தது. வரி 21,600 வாங்கியிருக்க வேண்டும், வாங்கியது 6,000. மீதி 15,600 நாங்கள் அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் டெபிட் நோட் போட்டோம். உள்ளீட்டு வரி எடுக்கும் 19 கடைக்காரர்களுக்கு அதனால் நஷ்டமில்லை, கழித்துக்கொள்வார்கள். இரண்டொருவர் முணுமுணுத்தாலும் கொடுத்துவிட்டார்கள். மீதி 8 பேர் காம்போசிஷன் கடைக்காரர்கள். அவர்களுக்கு வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை, சரக்கையும் விற்று முடித்திருந்தார்கள். அவர்களிடம் கேட்க மனம் வரவில்லை. அந்தத் தொகையை எங்கள் கையிலிருந்தே கட்டினோம்.

இப்போது எங்கள் மென்பொருளில் வரி விகிதம் தனித்தனிச் சரக்கின் பெயரில், எந்தத் தேதி முதல் என்பதோடு இருக்கிறது. இந்தத் தேதி விஷயம் முக்கியம். 22-ஆம் தேதிக்கு முன் 12 சதவீதத்தில் விற்ற நெய் பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் 12-இல்தான் போட வேண்டும், புதிய 5-இல் அல்ல. பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதிய கடைகளில் இது தவறாகத்தான் அச்சாகும். உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.

அப்டேட்டை எப்போது செய்வது என்பதும் ஒரு கேள்வி. மாத ரிட்டர்ன் கட்டுவோர் 11, 20 தேதிகளை ஒட்டிச் செய்யாதீர்கள். புதிய வெர்ஷனில் ஒருமுறை திறந்த கணக்கு பழைய வெர்ஷனில் பெரும்பாலும் திறக்காது. ஆகவே கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்ட மென்பொருள் பில் என்னவோ போடும், ஆனால் வரி மாறும் நாளில் கையை விரித்துவிடும். நகல் இல்லாமல் அப்டேட்டில் கை வைப்பதே கூடாது.

இனி பணம் வாங்கும் வழிகள். இதில் பைக் கடைக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு வண்டிக்குப் பணம் நான்கு துண்டாக வருகிறது: முன்பணம் யு.பி.ஐ.யில், பழைய வண்டி மாற்றில் கொஞ்சம், ரொக்கம் கொஞ்சம், மீதி கடன் கம்பெனியிடமிருந்து சில நாள் கழித்து வங்கி வழியே. நான்குக்கும் தனித்தனிக் கணக்கு. கடன் கம்பெனியிலிருந்து வர வேண்டியது வாடிக்கையாளர் பெயரில் நிற்காது, கம்பெனி பெயரில் பாக்கியாக நிற்கும். நாம் என்ன செய்கிறோம்? க்யூ.ஆர். அட்டையில் வந்ததையும் கல்லாவில் வந்ததையும் 'ரொக்கம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, இரவில் கல்லா குறைகிறதே என்று பையன்களைச் சந்தேகப்படுகிறோம்.

ரொக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஒரே பில்லுக்கான பணத்தைப் பல நாளில் பிரித்து வாங்கினாலும் அது ஒரே கொள்முதலாகவே எண்ணப்படும் என்பது பலருக்குத் தெரியாது. 2,10,000 ரூபாய் பருப்பு பில்லுக்குத் திங்கள், செவ்வாய், புதன் 70,000 வீதம் வாங்கினாலும் தவறுதான். அபராதம் வாங்கியவருக்கே, வாங்கிய தொகை அளவுக்கே வரலாம். சம்பந்தி தம் மென்பொருளில் ஒரு பில்லுக்கு ரொக்க வரவு 1,99,000-ஐத் தாண்டினால் ரசீது அச்சாகாதபடி செய்து வைத்திருக்கிறார். "மனுஷன் தாட்சண்யம் பார்ப்பான் சம்பந்தி, மிஷின் பார்க்காது" என்றார்.

வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. சாதாரணக் கடைகளுக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 1 லட்சம் வரை அனுப்பலாம். அதற்கு மேல் நெஃப்ட் இருக்கிறது, 2 லட்சத்திலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். இருக்கிறது, நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் ஞாயிறு, இரவு என்று பாராமல் ஓடுகின்றன. காசோலையும் 4-10-2025 முதல் தொடர் தீர்வுக்கு வந்துவிட்டது. 'செக் கிளியராக இரண்டு நாள் ஆகும்' என்று சொல்லிச் சரக்கு எடுப்பவருக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

செல்போன் திரையில் பச்சை டிக் காட்டினால் சரக்கை விட்டுவிடாதீர்கள். ஷோரூமில் சாவி கொடுக்குமுன், பணம் வந்ததற்கான 12 இலக்க எண்ணை வங்கிக் கணக்கில் பார்த்துப் பில்லில் குறித்துக்கொள்கிறார்கள். நாங்களும் தீபாவளிக்குப் பிறகு அப்படியே செய்கிறோம். லோடுமேன்கள் வண்டியருகே இரண்டு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்துக்கு டீ வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.